பாட்டு நினைவிருக்கிறது, பாடம் நினைவில்லை: கலைவழி வகுப்பில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

2022-ல், சிறு வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாட்டும் பொம்மையும் கதையும் பாடவேளைக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டன. சிபிஎஸ்இ 2019-லேயே எல்லா வகுப்புகளிலும் கலையைப் பாடத்தோடு இணைக்கச் சொல்லிவிட்டது. பயிற்சிக் கூட்டத்தில் செய்து காட்டும்போது எல்லாம் நன்றாகத்தான் போகிறது. நம் வகுப்புக்கு வந்ததும் எங்கேயோ பிசகுகிறது. அப்படிப் பிசகும் இடங்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. திட்டமிட்டிருக்கும் கலைவேலையை எடுத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: பாடமே புரியாத ஒரு பிள்ளை இதைச் சரியாகச் செய்து முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அந்தக் கலை பாடத்துக்கு வெளியே நிற்கிறது. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அறிகுறி: பாட்டு, நாடகம் எல்லாம் நினைவிருக்கிறது, பாடம் நினைவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். நீர்ச் சுழற்சியை நாடகமாகப் போடுகிறோம். ஒருத்தி நீலத் துப்பட்டா போர்த்திக் கடலாக நிற்கிறாள். ஒருவன் அட்டைக் கிரீடம் வைத்துச் சூரியன். பஞ்சு ஒட்டிய நான்கு பேர் மேகம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யார் மேகமாக வந்தார்கள், யாருடைய பஞ்சு உதிர்ந்தது என்பதெல்லாம் துல்லியமாக வரும். ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டால் மௌனம்.

பிள்ளைகள் எதைப் பற்றி யோசித்தார்களோ அதுதான் நினைவில் தங்கும். இந்த நாடகத்தில் அவர்கள் யோசித்தது உடையைப் பற்றி, எப்போது உள்ளே வருவது என்பதைப் பற்றி, யார் பக்கத்தில் நிற்பது என்பதைப் பற்றி. தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அங்கே வரவில்லை. வசனத்தை நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம், முடிவை எல்லாம் நாமே எடுத்துவிட்டோம்.

சரி, மாற்றுவது எப்படி? உடையை எடுத்துவிடுங்கள். எல்லோரும் தண்ணீர்த்துளி. வகுப்பின் நான்கு மூலைகளில் கடல், வானம், மலை, நிலத்தடி. ஒவ்வொரு துளியும் அடுத்து எங்கே போவது என்று தானே தீர்மானிக்க வேண்டும். போவதற்கு முன் காரணம் சொல்ல வேண்டும். கடலில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம், அதுதான் உப்பு. வானத்துக்குக் கிளம்பும்போது அந்தக் காகிதத்தை என்ன செய்வது என்று மட்டும் கேளுங்கள், பதில் சொல்லாதீர்கள். சிலர் கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள். அப்போது மழைத் தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது என்பது அந்தக் காகிதத் துண்டிலேயே முடிந்துவிடும். இன்னொரு கேள்வியும் உண்டு: வெயிலே இல்லாத நாளில் துளி மேலே போகுமா? நிழலில் காய்ந்த துணியை ஒரு பிள்ளையாவது சொல்லும். கடைசியில் அவரவர் போன பாதையை நோட்டில் படமாக வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் காரணம் எழுதச் சொல்லுங்கள்.

பாட்டின் கதை வேறு. பாட்டு வரிசையைத்தான் நன்றாகச் சுமக்கும். மாதங்கள், கோள்கள், வாய்பாடு எல்லாம் பாட்டில் சிக்கென்று உட்காரும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை முறைவைத்துச் சொன்னதும் இதனால்தான். ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்று நடுவில் கேட்டால் பிள்ளை ஓரேழிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வரும். அதற்கு வைத்தியம் பாட்டை உடைப்பது. நீங்கள் பாதி வரி, அவர்கள் மீதி வரி. அப்புறம் நடுவிலிருந்து தொடங்குங்கள், பின்னாலிருந்து பாடுங்கள், தாளம் நிற்பதற்குள் விடை மட்டும் வரவேண்டும் என்று வையுங்கள். காரணம் கேட்கும் பாடங்களை, அதாவது ஏன் மிதக்கிறது, ஏன் போர் வந்தது என்பதையெல்லாம் பாட்டாக எழுதாதீர்கள். எதுகை மோனைக்காகக் காரணத்தை வெட்டவேண்டி வரும்.

அறிகுறி: தரையில் கோலமாகச் சரியாக வருகிறது; கணக்கு நோட்டில் வரவில்லை

கோலத்தைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சமச்சீரோடு நிறுத்திவிடுகிறார்கள். "பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது." அவ்வளவுதான். கோலத்தில் அதைவிடப் பெரிய கணக்கு புள்ளிகளிலேயே இருக்கிறது.

நேர்ப்புள்ளி 7, ஒன்றில் முடியும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. புள்ளி வைக்கும் முன் மொத்தம் எத்தனை வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். எண்ணினால் 25. இப்போது இரண்டு நிறப் பொடி. உச்சிப் புள்ளியில் தொடங்கிச் சாய்வாகக் கீழே இறங்குங்கள். முதல் சாய்வு வரிசைக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், மறுபடி சிவப்பு என்று மாற்றி மாற்றி. சிவப்பு வரிசை ஒவ்வொன்றிலும் 4 புள்ளி, அப்படி 4 வரிசை. மஞ்சளில் 3 புள்ளி, 3 வரிசை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் 4×4 சதுரத்தின் இடைவெளிகளுக்குள் 3×3 சதுரம் உட்கார்ந்திருக்கிறது. 16-ம் 9-ம் 25. அதுவரை சும்மா நின்ற பிள்ளைகூட இங்கே குனிந்து பார்க்கும்.

இதையே 3, 5, 9 புள்ளிக் கோலங்களுக்கும் செய்யச் சொல்லுங்கள். 5, 13, 25, 41 என்று வரும். வித்தியாசங்கள் 8, 12, 16. 11 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை என்று புள்ளி வைக்காமலே சொல்ல முடிகிறதா? 61 என்று வந்தால் இயற்கணிதம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 7-ஆம் வகுப்புக்கு மேல் என்றால், ஒரு எண்ணின் வர்க்கமும் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கமும் கூடினால் கிடைப்பது இது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கலாம்.

அடுத்த நாள் இடுக்குப் புள்ளி, அதாவது முந்தைய வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக வைப்பது, சில ஊர்களில் ஊடுபுள்ளி என்பார்கள். 7 புள்ளி, நாலில் முடிவது: 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37. இங்கே சதுரம் வராது. நடுப்புள்ளியைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, அதற்கு வெளியே 18 என்று வளையங்கள் வரும். ஏன் இதில் ஆறாறாக வருகிறது, நேற்று ஏன் சதுரம் வந்தது? இந்தக் கேள்வியை உடனே அவிழ்க்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு வருவதில் பாதி வகுப்பு நடந்துவிடும்.

இனி கோளாறு. தரையில் இத்தனையும் செய்த பிள்ளை நோட்டில் திணறுகிறது என்றால் நடுவே படிகள் விடுபட்டிருக்கின்றன. தரைக் கோலத்துக்கு அடுத்து நோட்டில் புள்ளிப் படம், அதற்கடுத்து எண் அட்டவணை, அதன் பிறகு கோலமே இல்லாத ஒரு கணக்கு: ஒரு அரங்கில் முதல் வரிசையில் 1 நாற்காலி, அடுத்ததில் 3, அதற்கடுத்து 5, இப்படி 10 வரிசை போட்டால் மொத்தம் எத்தனை? இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், ஏனென்றால் கோலம் முடிந்ததுமே பாடம் முடிந்த திருப்தி வந்துவிடுகிறது. நாலு படியும் ஒரே நாளில் முடியாவிட்டால் பரவாயில்லை, அடுத்தடுத்த நாளிலாவது நடக்க வேண்டும். வாரம் தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும்.

கோலம் என்ன பெரிய கணக்கு என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு: சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அறிகுறி: படம் அழகு, விஷயம் தப்பு

செம்பருத்திப் பூவின் படம் சார்ட்டில் ஜொலிக்கும். கூர்ந்து பார்த்தால் மகரந்தத்தாள்கள் ஒரு பக்கம் தனிக் குச்சிகளாகவும் சூல்தண்டு இன்னொரு பக்கம் தனியாகவும் நிற்கும். உண்மையில் செம்பருத்தியில் மகரந்தத்தாள்களின் அடிப்பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழாயாகி, அந்தக் குழாய்க்குள்தான் சூல்தண்டு ஓடுகிறது. நுனியில் சூல்முடி ஐந்தாகப் பிரிந்து வெளியே தெரியும். பிள்ளை பூவைப் பார்த்து வரையவில்லை, புத்தகப் படத்தை நினைத்து வரைந்திருக்கிறது.

இங்கே பாராட்டும் முறையில்தான் கோளாறு. "சூப்பரா இருக்கு" என்று சொன்ன நொடியில் படம் முடிந்துபோகிறது. மதிப்பெண்ணையும் வண்ணத்துக்கே போடுகிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். பூவைக் காட்டாமல் முதல் படம், ஐந்து நிமிடம். பிறகு ஆளுக்கொரு பூ. பிளேடு உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும், நெடுக்குவாட்டில் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து இரண்டாவது படம், பென்சில் மட்டும். மூன்றாவது வேலை, முதல் படத்தில் எது தப்பு என்று சிவப்பில் தானே குறிப்பது. மார்க் அந்தச் சிவப்புக் குறிப்புகளுக்கு மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரைய வராத பிள்ளை அன்றைக்கு முதலிடம் வாங்குவதைப் பார்ப்பீர்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வுகளில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிடப் படமாக வரைந்து பார்த்தவர்களுக்கு அவை அதிகம் நினைவிருந்தன. நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கோணல்மாணல் படமே போதும்.

அறிகுறி: தாளம் போட்டால் வகுப்பு சந்தைக்கடை ஆகிறது, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கிறார்

மேசையில் தட்டச் சொன்னால் அப்படித்தான் ஆகும். ஆதி தாளத்தைக் கையில் போடும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கையில் மூன்றே தட்டு. அதுவும் தொடையில். சத்தத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

நிறுத்துவதற்கும் இசையிலேயே வழி இருக்கிறது. "ததிங்கிணதோம்" என்று மூன்று முறை சொன்னால் தீர்மானம், அதாவது தாளத்தை முடித்துவைக்கும் சொற்கட்டு, கடைசித் தோமில் எல்லாக் கையும் மடியில். முதல் நாள் வேறெதுவும் நடத்தாமல் இதை மட்டும் விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். விசில் வேண்டாம், கத்த வேண்டாம்.

அப்புறம் கணக்கு. வகுப்பில் பாதிப் பேர் தகிட, தகிட என்று மூன்று மூன்றாக. மீதிப் பேர் தகதிமி, தகதிமி என்று நாலு நாலாக. ஒரே வேகம், ஒரு எண்ணிக்கைக்கு ஒரு எழுத்து. "த" என்ற முதலெழுத்து இரண்டு பக்கமும் மறுபடி எப்போது சேர்ந்து விழும்? 12 முடிந்ததும். தகிடவையும் தகதகிடவையும் (5) சேர்த்தால் 15. இதுவரை பிள்ளைகள் பெருக்கினால் போதும் என்று நினைத்திருப்பார்கள். இப்போது தகதிமிக்கு எதிராகத் தகிடதகிட என்று ஆறு ஆறாக வையுங்கள், ஒவ்வொரு குழுவின் முதல் "த"வை மட்டும் அழுத்திச் சொல்லட்டும். 24-க்காகக் காத்திருப்பார்கள், 12-லேயே சேர்ந்துவிடும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். மீச்சிறு பொது மடங்கை நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பின்னத்துக்கும் இதுவே உதவும். நான்கு மூன்றைவிடப் பெரிது, ஆகவே 1/4 என்பது 1/3-ஐவிடப் பெரிது என்று நினைக்காத வகுப்பு கிடையாது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே தகிட சொல்லுங்கள், பிறகு அதே இடைவெளியில் தகதிமி. எதில் ஓர் எழுத்துக்கு அதிக நேரம் கிடைக்கிறது? நாக்கே பதில் சொல்லிவிடும். நோட்டுக் கணக்கில் பிள்ளை மறுபடி தடுமாறினால் விளக்கத் தொடங்காமல் "சொல்லிப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள்.

அறிகுறி: நாலு பேர் நடிக்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

நாடகம் என்றதும் மேடை, வசனம், நன்றாகப் பேசும் நாலு பிள்ளைகள் என்று நினைப்பதால் வரும் கோளாறு. ஆண்டு விழாவுக்கு அது சரி. வகுப்புக்குப் பார்வையாளர்களே இல்லாத நாடகம் வேண்டும்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை எடுத்துக்கொள்வோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போய் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். இதைப் பாடமாக நடத்தினால் மூன்று தேதிகள், ஒரு கோடிட்ட இடம். ஆனால் நடுவில் ஒரு செய்தி இருக்கிறது. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டராக இருந்த தார்ன் உத்தரவு போட்டார். நாடகம் அங்கேதான் இருக்கிறது.

வகுப்பையே வழியில் உள்ள ஒரு கிராமமாக்குங்கள். ஐந்து ஐந்து பேராக வீடுகள். ஒன்று கிராம முன்சீப் வீடு, ஒன்று சத்திரக்காரர் வீடு, ஒன்று மளிகைக் கடை, ஒன்று கூலி வேலைக் குடும்பம், மற்றவை அவரவர் விருப்பம். நீங்கள் உத்தரவை வாசிக்கிறீர்கள். நாளைக் காலை தொண்டர்கள் வருகிறார்கள். சோறு போடுவதா, இல்லையா, போட்டால் மாட்டிக்கொள்ளாமல் எப்படி? ஒவ்வொரு வீடும் ஐந்து நிமிடம் குசுகுசுவென்று பேசி முடிவு செய்யட்டும். பிறகு அந்த முடிவை அசையாத சிலைக் காட்சியாகக் காட்டவேண்டும், வசனம் கிடையாது.

இப்போது தெருக்கூத்திலிருந்து ஒருவரை வரவழைக்க வேண்டும், கட்டியங்காரன். கூத்தில் ராஜாவையே நிறுத்தி "நீங்க யாரு, எங்கே வந்தீங்க" என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஒரு பிள்ளை கட்டியங்காரனாகச் சுற்றி வந்து, யார் தோளைத் தொடுகிறதோ அவர் அந்த ஆளாகவே ஒரு வாக்கியம் பேச வேண்டும். "எனக்கு வேலை போயிடும்." "என் பிள்ளையும் அந்தக் கூட்டத்துல நடக்குறான்." கட்டியங்காரன் வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பேசவே பேசாத பிள்ளைக்குச் சிலையாக நிற்பது பெரிய விடுதலை. ஒரே வாக்கியம் என்பதால் அதுவும் வந்துவிடும்.

எல்லா வீடும் முடிந்த பிறகு, உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் எல்லோரும் மரத்தில் கட்டுவார்கள், யோசிக்கமாட்டார்கள். வரிசை மாறக்கூடாது.

தென்மாவட்டத்துப் பிள்ளைகள் என்றால் வில்லுப்பாட்டும் கைகொடுக்கும். அதில் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவார்கள். ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள்: புரியாத இடத்தில் "ஆமா" சொல்லக்கூடாது, "அதெப்படி?" என்று கேட்க வேண்டும். கேட்டால் பாடுகிறவர் விளக்கியாக வேண்டும். கூட்டத்தில் கை தூக்கி டவுட் கேட்காத பிள்ளை இதில் கேட்டுவிடும்.

அறிகுறி: சில பிள்ளைகள் ஒதுங்கியே நிற்கிறார்கள்

"எனக்கு வரைய வராது" என்றால் வண்ணத்தை நிறுத்திவிட்டுப் பென்சிலுக்குப் போங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கோலம் பெண்பிள்ளை வேலை என்று பையன்கள் நகர்ந்தால் புள்ளிக் கட்டம் என்று சொல்லிச் சாக்பீஸைக் கையில் கொடுங்கள். சில வீடுகளில் கோலம் போடும் வழக்கமே இருக்காது, அவர்களுக்கும் இது பொருந்தும்.

பறை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பறையடியை வைத்துக் கணக்கு நடத்துவது அருமையான யோசனை, செய்யத்தான் வேண்டும். ஆனால் "உனக்குத்தான் அடிக்கத் தெரியுமே, வா" என்று ஒரு பிள்ளையைக் குறிப்பாகக் கூப்பிட்டால், அந்த வகுப்பில் எல்லோருக்கும் எது புரியுமோ அது புரிந்துவிடும். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராமல்கூடப் போகலாம். எல்லோர் கைக்கும் பறை போக வேண்டும், முதலில் உங்கள் கைக்கு. பெற்றோர் யாராவது ஆட்சேபம் சொன்னால் தனியாகப் பேசுங்கள், பறையை நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: ப்ராஜெக்ட் பிரமாதம், செய்தது அப்பா

தெர்மோகோல் கோட்டை, எல்இடி விளக்கு, பிரிண்ட் எடுத்த படங்கள். பிள்ளையிடம் கேட்டால் கடை பெயர் மட்டும் தெரியும். இதற்கு மருந்து சுலபம்: வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். பள்ளியில், பழைய செய்தித்தாள், சாக்பீஸ், புளியங்கொட்டை இவற்றோடு நாற்பது நிமிடத்தில் முடிவதை மட்டும் கொடுங்கள். காட்சிக்கு வைக்க லாயக்கில்லாமல் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

அறிகுறி: போர்ஷன் முடியவில்லை

முழுப் பாடத்தையும் கலையாக்கப் பார்க்கிறீர்கள். ஒரு பாடத்தில் பிள்ளைகள் ஆண்டுதோறும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கும், பழகிய ஆசிரியருக்கு அது தெரியும். பின்னத்தில் 1/3, 1/4 குழப்பம், பூவில் மகரந்தக் குழாய், வரலாற்றில் "மக்கள் ஆதரவு தந்தனர்" என்ற ஒற்றை வரி. கலையை அங்கே மட்டும் வையுங்கள். மற்றதை வழக்கம்போல் நடத்துங்கள்.

கலைத்திருவிழா மாதத்தில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகும். போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் பாடவேளைக்கு வரமாட்டார்கள். அந்த ஒத்திகையைக் கலைவழிக் கற்றல் என்று கணக்கு எழுதாதீர்கள். அது நல்ல விஷயம்தான், ஆனால் வேறு விஷயம்.

அறிகுறி: "இதனால மார்க் ஏறுமா?" என்று ஹெச்.எம். கேட்கிறார்

ஏறும் என்று உறுதி கொடுக்காதீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லாண்டும் 1950 முதல் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2000-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலை படித்தாலே பொதுவாக மார்க் ஏறுகிறது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கதையை வகுப்பில் நடித்துப் பார்ப்பது மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. இசை, இடம்சார்ந்த சிந்தனைக்கு உதவுவதாகவும் தெரிந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் பள்ளிகளில் 5-ஆம் வகுப்பு அறிவியலைக் கலைவழியிலும் வழக்கமான முறையிலும் நடத்திப் பார்த்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் சொன்னது இன்னும் சுவாரசியம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் கலைவழியில் படித்தது கூடுதலாக நினைவில் நின்றது. உங்கள் ஹெச்.எம்.மிடம் இதைச் சொல்லலாம். கடைசி பெஞ்சைப் பற்றித்தானே அவருடைய கவலையும். மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற வாட்ஸ்அப் செய்தியை மட்டும் சேர்க்காதீர்கள். 1993-ல் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் சில நிமிடங்களே நீடித்த ஒரு விளைவைப் பற்றியது.

வாய்ப்பேச்சைவிட நோட்டுகள் நன்றாகப் பேசும். செம்பருத்தியின் முதல் படம், இரண்டாம் படம், சிவப்புக் குறிப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும்படி வைத்திருங்கள்.

அறிகுறி: "எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது"

மேலே சொன்ன எதற்கும் நீங்கள் கலைஞராக இருக்கத் தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தகதிமிக்குக் குரல்வளம் வேண்டாம். நடுநிலைப் பள்ளியோ உயர்நிலைப் பள்ளியோ என்றால் பகுதிநேர ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். 2012-ல் நியமிக்கப்பட்டவர்கள் பலர், வாரத்தில் சில அரைநாள் வருகிறார்கள். அவர்களை வரவேற்புப் பலகை எழுதவும் பரிசளிப்பு விழா அலங்காரத்துக்கும் மட்டுமே கூப்பிடுகிறோம். பூவைப் பார்த்து வரைவது எப்படி என்று ஒரு பீரியட் நடத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் பலனில்லை

அந்தப் பாடத்துக்குக் கலை வேண்டாம். நீள்வகுத்தலின் படிகள், வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துவது, வரைபடத்தில் அளவுகோல் படிப்பது எல்லாம் கரும்பலகையில் செய்து காட்டி, பிள்ளைகள் நோட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக வேண்டியவை. மேற்பார்வைக்கு வருகிறவர் பாடக்குறிப்பில் கலைச்செயல்பாடு எங்கே என்று கேட்டால், இந்தப் பாடத்துக்கு இல்லை, அடுத்த பாடத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்திருங்கள், தேதியோடு.